முப்பது யூரோ

மூன்ஸ்டர் நகர நீதிமன்றத்தில்
என் ஜன்னலுக்கு நேர் கீழே தொத்திறைச்சிக் கடை.
செவ்வாய்க்கிழமைகளில்
திருச்சபையை விட்டுப் போகிறவர்கள்
கடுகு வாசனையோடு படியேறி வருவார்கள்.

அடையாள அட்டை. முப்பது யூரோ. கையெழுத்து.
காரணம் எழுதப் படிவத்தில் இடமில்லை,
நானும் கேட்கக் கூடாது.
கேட்காமலே சொல்வார்கள்.
சம்பளச் சீட்டைத் தூக்கிக் காட்டுவார்கள்,
செய்தித்தாள் நறுக்கை விரிப்பார்கள்.
ஒரு பெண் தன் ஞானஸ்நானப் புகைப்படத்தை நீட்டினாள்,
திரும்பிப் பாராமல் போனாள்.
அதை எந்தக் கோப்பில் சேர்ப்பது?
இழுப்பறையில், ஸ்டேப்ளர் ஊசிகளுக்கு அடியில் கிடக்கிறது
அழுகிற அந்தக் குழந்தை.

எக்பெர்ட் லோமான் கூரை வேய்கிறவர்.
நகக்கண்ணில் கற்பலகைத் தூள்.
நாற்பது வருஷமாக
அவர் கூலியில் அரசாங்கம் பிடித்து
ஆலயத்துக்கு அனுப்பியது.
ஆலயம் கோபுரம் ஒழுகும்போதெல்லாம்
அவரைக் கூப்பிட்டது.
"என் காசையே எனக்குக் கூலியாக வாங்கியிருக்கிறேன்"
என்று சிரித்தார். காரணம் அதுவல்ல.
காரணத்தை அவர் சொல்லவில்லை.

கையெழுத்திட்ட பின்
பேனாவைத் திருப்பித் தராமல் கேட்டார்:
"இனி நான் கோபுரம் ஏறலாமா?
காற்றுச் சேவலுக்குக் கீழே நாலு பலகை ஆடுகிறது.
மழை வேறு வரப்போகிறது."

அது எங்கள் இலாகா இல்லை என்றேன்.

பயிற்சிக்கு வந்திருக்கும் நெர்மின்
முத்திரை குத்தியபடி கேட்டாள்:
"எங்கள் பள்ளிவாசலிலிருந்து விலக எந்தப் படிவம்?"
இல்லை. உங்களுக்கு அரசு வரி பிடிப்பதில்லை,
பட்டியலிலேயே நீங்கள் இல்லை.
"அப்படியென்றால் என்னால் விலகவே முடியாது."
கேலியா என்று தெரியவில்லை.
மை அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி சேர விரும்புகிறவர்கள் இங்கே வருவதில்லை.
உள்ளே போகிற கதவு பாதிரியார் வீட்டில் இருக்கிறது.
அரசின் சுவரில் வெளியேறும் கதவு மட்டும்.
கீல் கிறீச்சிடாமல் பார்த்துக்கொள்வதற்கு
எனக்குச் சம்பளம்.
அந்தச் சம்பளச் சீட்டிலும்
மூன்றாவது வரியில் ஆலய வரி.
பிடிக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்,
பிடித்திருக்கிறதா என்று யோசித்ததில்லை.

நவம்பர் இரண்டாம் வாரம், நல்ல மழை.
தொத்திறைச்சிக் கடைக்காரர் இடுக்கியோடு வெளியே வந்து
அண்ணாந்து நின்றார்.
கோபுரத்தில், சேவலுக்குக் கீழே,
கயிற்றில் ஒரு ஆள்.

"அவரா?" என்றாள் நெர்மின்.
கண்ணாடியைத் துடைத்தேன்.
இவ்வளவு தூரத்திலிருந்து
முதுகு மட்டும்தான் தெரிகிறது.