அப்படி ஒருத்தர்

வழி சொன்னதும் ஒரு குடிகாரன்தான்.
கடை திறக்கிற நேரம், பகல் பன்னிரண்டு.
கூடுதல் பத்து ரூபாயைக் கையில் மடித்து வைத்து
வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன்
திரும்பிப் பார்க்காமல் சொன்னான்:
"அரிசிபாளையத்துல ஒரு எடம் இருக்குதுங்க.
நிறுத்தினவங்க எல்லாம் கூடுவாங்க.
நான் ரெண்டு வாரம் போனேன்."
அப்புறம்?
"அப்புறம் இங்க நிக்கறேன்."

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிறவன் நான்.
காலையில் முதலாளி வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார்,
மாலையில் கொலுசை நிறுத்து வாங்குவார்.
நடுவில் குறைவது சேதாரம்.
அதற்கும் ஓர் அளவுண்டு.
கை நடுங்கத் தொடங்கியதும்
பொடி கண்ணியை விட்டுத் தரையில் விழுந்தது.
பட்டறைத் தரை மண்ணைக் கூட்டி அலசி
அதிலும் வெள்ளி எடுத்துவிடுவார்கள்.
வீட்டில் விழுந்ததை
யார் கூட்டுவது, எதில் அலசுவது?

முதல் செவ்வாய்க்கிழமை
மாதா கோயில் பள்ளியின் கேட்டு வரை போனேன்.
வாட்ச்மேன் என்ன வேண்டும் என்றார்.
"புள்ளைக்கு அட்மிஷன்" என்று திரும்பிவிட்டேன்,
இரவு ஏழே முக்காலுக்கு.
இரண்டாம் செவ்வாய் மழை.
மழைக்காகக் குடித்தேன்.
மூன்றாவதில் வாட்ச்மேனே
"அட்மிஷன் மாடியில, ரெண்டாவது ரூம்" என்று
கை காட்டினார். சிரிக்கவில்லை.

யூகேஜி வகுப்பு.
முழங்கால் மோவாயில் இடிக்கும் நாற்காலிகளில்
ஒன்பது பெரிய ஆட்கள்.
சுவரில் அணில், ஆடு, இலை, ஈ.
பிளாஸ்க்கில் டீ. செய்தித்தாளில் தட்டுவடை செட்,
காரச் சட்னி ஒரு தலைப்புச் செய்தியை நனைத்தபடி.
ஊர் கேட்கவில்லை, தொழில் கேட்கவில்லை.
பேர் மட்டும் போதும் என்றார்கள்.

பயத்தில் வாயில் வந்தது "கதிரவன்."
வரும் வழியில் பார்த்த துணிக்கடையின் பெயர்.
"வணக்கம் கதிரவன்" என்றன ஒன்பது குரல்களும்.
இத்தனை பேர் சேர்ந்து இவ்வளவு மரியாதையாக
என்னைக் கூப்பிட்டதேயில்லை.
இப்போதும் கூப்பிட்டது என்னையல்ல.

பிலவேந்திரன் ஏற்காட்டுப் பாதையில் சாலைப் பணியாளர்.
எந்த வளைவின் தடுப்புச் சுவருக்குப் பின்னால்
எந்த பாட்டிலை ஒளித்தார் என்று வரிசையாகச் சொல்வார்.
பதினேழாம் வளைவில் ஒன்று இன்னும் இருக்கிறதாம்,
மூடி உடைக்காமல்.
"எடுத்துக் கொட்டிடலாமில்லைங்களா?"
"மூடியத் தொறக்கணுமே தம்பி" என்றார்.

வசந்தகோகிலம் பேசும்போது
வெளியே குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.
மகள் பெரியவளான அன்று
தான் எங்கே கிடந்தாள் என்பதை
அவள் சொல்லி முடிக்கவில்லை.
யாரும் முடிக்கச் சொல்லவில்லை.
ஒருவர் எழுந்து டீயை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார்.

அடுத்த வாரம் உண்மைப் பெயரைச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன்.
அதற்கடுத்த வாரம்.
பிறகு வெட்கமாகிவிட்டது.
அந்தப் பெயரில் வட்டிக் கடை நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது,
டவுன் ஸ்டேஷனில் ஒரு கையெழுத்து இருக்கிறது.
கதிரவனுக்கு யாரும் கடன் கொடுத்ததில்லை.
அவனுக்கு வயது நாற்பத்தோரு நாள்.
அவன் ஊதினால் பொடி கண்ணியில் நிற்கிறது,
பத்துக்கு ஏழு.

இன்று விடியலில்
கனவில் குடித்துவிட்டு அலறி எழுந்தேன்.
உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தேன்.
ஒன்றுமில்லை. ஆனாலும் நம்பிக்கை வரவில்லை.
அப்போது போன் அடித்தது.
சிந்தாமணி எடுத்தாள்.

"கதிரவனா? அப்படி யாரும் இங்க இல்லைங்க."

வைக்கப் போனவள் வைக்கவில்லை.
பாயில் உட்கார்ந்து கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள்.
பதினோரு வருடமாக இரவு வாசலில்
என்னை நிறுத்துப் பார்க்கிற அதே கண்.
தெருவில் பால்காரர் வண்டி நின்று, போனது.

"ஒரு நிமிசம் இருங்க" என்றாள் போனில்.
"இருக்கார். அப்படி ஒருத்தர்
இருக்கார். தர்றேன்."