இடப்பக்கம், சற்றுக் கீழே

மொங் கொக், மூன்றாவது மாடி.
கண்ணாடிப் பெட்டிகளை மாத வாடகைக்கு விடும் கடை.
சாவிக்கொத்து என் இடுப்பில்.
ஒருவர் பொம்மையை இன்னொருவருக்கு விற்றால்
பத்தில் ஒன்று திருமதி மோக்குக்கு.
எனக்குச் சம்பளமும் ஒரு முக்காலியும்.

நூற்றுப் பதினாலாம் பெட்டிக்கு
ஸெட்டோ ஒரு துப்பறிவாளனைக் கொண்டுவந்தார்.
டிராம் ஓட்டுபவர், சீருடையோடே வந்திருந்தார்.
வெளிவராமலே போன படமொன்றின் நாயகன் அவன்.
படம் நின்றுபோனது, பொம்மை மட்டும் வந்துவிட்டது.
ஆளில் ஆறில் ஒரு பங்கு உயரம்,
மழைக்கோட்டில் உட்கார்ந்தெழுந்த மடிப்பு,
முகவாயில் நேற்றைய சவரத்தின் நிழல்,
விரல்நுனியில் புகையிலைக் கறை.
நாலாயிரத்து இருநூறு டாலர்.
"கண்ணை மட்டும் தொடாதீர்கள்" என்றார்.

கண்கள் இடப்பக்கம், சற்றுக் கீழே பார்த்தன.

வரிசையில் மற்ற எல்லாரும் நேரே பார்ப்பவர்கள்.
நேரே பார்க்கும் பொம்மை எதையும் பார்ப்பதில்லை,
இந்த வேலையில் நான் கற்ற ஒரே விஷயம் அது.
அரை மில்லிமீட்டர் விலகட்டும்,
முகத்துக்குப் பின்னால் யாரோ குடிவந்துவிடுகிறார்கள்.
அவன் பார்வை விழும் இடத்தைக் குனிந்து தேடினேன்:
பெட்டியின் மூலை, ஒரு திருகாணி, கொஞ்சம் தூசி.

ஏழு வாரம்.
வந்தவர்கள் தலையைச் சாய்த்து
அவன் பார்வைக்குள் நுழையப் பார்த்தார்கள்,
கழுத்து வலிக்க நிமிர்ந்து போனார்கள்.
"முகம் கொடுக்காதவனை யார் வாங்குவார்?"
என்றார் திருமதி மோக்.

ஒரு செவ்வாய் இரவு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
அவன் தலைமுடியைக் கழற்றினேன்.
காந்தம் டிக்கென்று விட்டுக்கொடுத்தது.
மூளை இருக்கவேண்டிய இடத்தில்
எள்ளைவிடச் சிறிய இரண்டு நெம்புகோல்கள்.
பல்குச்சியால் தள்ளினேன்.

இரக்கத்துக்குக் கண்ணோட்டம் என்று பேர் வைத்தவர்கள்
கண் ஓடும்போது பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.
வெள்ளைவிழி நனைந்தாற்போல் மின்னியது,
கடையின் இந்தக் கோடிவரை நடந்துவந்து
ஒரு கணம் என்மேல் நின்றது.
அப்புறம் எதன்மேலும் இல்லை.

வியாழக்கிழமை விற்றது. பேரம்கூடப் பேசவில்லை
தாய் போவிலிருந்து வந்த பல் மருத்துவர்.

ஸெட்டோ பணத்தை எண்ணாமல் மடித்துக்கொண்டார்.
"கண் அப்படியேதானே இருந்தது?"
"அப்படியேதான்."

"குளிர்பெட்டிமேல் நிற்பான்.
அங்கிருந்து இடப்பக்கம், கீழே, என் சாப்பாட்டு மேசை.
ஒன்பது வருஷம் என் கிண்ணத்தைப் பார்த்தபடியே நின்றான்.
ஷிஃப்ட் முடிந்து இரண்டு மணிக்குத் தனியாகச் சாப்பிடுகையில்
யாராவது பார்த்தால்
கொஞ்சம் மெதுவாக மெல்லுவோம், இல்லையா?"

காது சிவந்தது அவருக்கு.
அடுத்த மாதம் கல்யாணம். ஐம்பத்தெட்டு வயது.
ஷாவ் கெய் வான் சந்தையில் மீன் விற்கும் பெண்மணி.
"அவளுக்கு, சாப்பிடுகையில் மூன்றாமவர் பார்க்கக்கூடாதாம்."

படியிறங்கும் வரை சிரிப்பு கேட்டது.
பல் மருத்துவரின் தொலைபேசி எண் ரசீதில் இருந்தது.
நான் அழைக்கவில்லை.
அழைத்து என்ன சொல்ல,
உங்கள் ஆளுக்கு ஒரு கிண்ணம் தேவை என்றா?

அன்றிரவு எண்பத்தேழாம் பெட்டியைத் திறந்தேன்.
விமானி உடையில் ஒரு பெண், நெற்றியில் தழும்பு.
என் முக்காலி அவளுக்கு வலப்பக்கம், சற்றுக் கீழே.
மெல்லத்தான் தள்ளினேன்.
ஒரு நெம்புகோல் நகர்ந்தது,
இன்னொன்று முறிந்தது.

இப்போது அவள்
ஒரு கண்ணை வாடிக்கையாளர்மேல் வைத்திருக்கிறாள்,
ஒரு கண்ணை என் சோற்றுப் பெட்டிமேல்.
முழு விலையும் என் தலையில், மூன்று தவணை.
முதலாவதைப் பிடித்தாயிற்று.

வாத்துக்கறியில் எலும்பு வந்தால்
கையை வாய்க்குக் குறுக்கே வைத்துத் துப்புகிறேன்.