இடது புருவம்

இந்த வேலையைப் பகலில் முடிக்க முடியாது.
குழி வெட்டலாம், கேபிள் புதைக்கலாம்,
கிளாண்டை இறுக்கி சிலிக்கான் பூசலாம்.
விளக்கின் முகத்தை எந்தப் பக்கம் திருப்புவதென்று
இருட்டுதான் சொல்லும்.

மவாலேயில், கடலுக்கு இரண்டு தெரு இப்பால் அந்த வீடு.
பேரீச்சை ஏழு, வேம்பு ஒன்று,
கன்றாகவே நின்றுவிட்ட ஓர் எலுமிச்சை.
ஆகஸ்ட். மக்ரிப் பாங்கு முடிந்தும்
ஸ்பேனர் சுட்டது.
மொஃபிசுல் மண்டியிட்டு ஸ்பைக்கை மணலில் அழுத்த
மாடியிலிருந்து ஜோகா மேடம்:
கொஞ்சம் வலது.
இன்னும் கொஞ்சம்.
இல்லை, பழையபடி.

பேரீச்சைகள் சொன்னபடி கேட்டன.
அடியில் ஒன்பது வாட் வைத்தால் போதும்,
மட்டை வெட்டிய தழும்புகள்
படிபடியாக மேலே ஏறிப்போய்
உச்சியில் ஒரு பச்சை வெடி.
வேம்புதான் படுத்தியது.
கீழிருந்து அடித்தால் பேய்,
மேலிருந்து அடித்தால் தெருவிளக்குக் கம்பம்.
பக்கவாட்டில் சாய்த்தேன்.
இலைகளுக்குப் பின்னே இலைகள் வந்தன.
மேடம் கைதட்டினார்.

டூல்பாக்ஸை மூடும்போது
சமையற்கட்டின் பின்கதவைத் திறந்துகொண்டு
ஹட்டன் பக்கத்துப் புவிராணி.
“அண்ணே, மரத்துக்குப் போட்ட லைட்டு
என் தலகாணிக்கு வருது.”

வாசலில் நின்றே பார்த்தேன்.
கட்டிலளவே அறை. திரையில்லாத ஜன்னல்.
சுவர் முழுக்க வேம்பு
கிளை கிளையாக அசைந்துகொண்டிருந்தது.
அழகாகத்தான் இருந்தது.
“அஞ்சு மணிக்கு எழும்பணும்” என்றாள்.

திருப்பினால் மேடத்துக்குத் தெரியும்.
குறைத்தாலும் தெரியும்.
காலிப் பால்பவுடர் டப்பா ஒன்று கேட்டேன்.
தகரக் கத்திரியால் பாதியாகப் பிளந்து
ஓரத்தில் கறுப்பு டேப் சுற்றி
விளக்கின் இடது புருவத்தில் கட்டினேன்.
ஜன்னல் அணைந்தது.
மரத்தில் ஒரே ஒரு கிளை
இருட்டுக்குள் போனது.

தூக்கம் கெட்ட மைனாக்கள் எல்லாம்
அந்தக் கிளைக்கு மாறி வந்து அடைந்தன
என்று எழுதினால் நன்றாயிருக்கும்.
நான் பார்க்கவில்லை.
பிக்கப் ஹாரன் அடித்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து மேடத்தின் போன்:
வேம்பில் ஓரிடத்தில் இருட்டு வைத்தாயே,
நன்றாக இருக்கிறது,
பேரீச்சைகளுக்கும் வேண்டும்.
எவ்வளவு ஆகும்?

கொட்டேஷன் தாளில்
அதற்கு ஒரு பெயர் தேடிக்கொண்டிருக்கிறேன்.
மொஃபிசுலிடம் சொல்லிவிட்டேன்,
கேன்டீன் குப்பையில் டப்பா பொறுக்கு.
ஏழு இல்லை, எட்டு.
நைட் ஷிஃப்ட்காரன் திரும்பும்வரை
என் கட்டிலுக்கு மேலே
ஒரு பல்பு எரிகிறது.