முதல் மழைக்கு மறுநாள்

பலோம்பே சாலையின் இரு பக்கமும்
எல்லாரும் மண்ணில் குனிந்திருந்தார்கள்.
லைசன் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தான்.

சைக்கிள் அவனுடையதல்ல.
விதைத்தாலும் விதைக்காவிட்டாலும்
பொழுது சாய்வதற்குள் ஆயிரத்து ஐந்நூறு குவாச்சா
சொந்தக்காரர் கைக்குப் போயாக வேண்டும்.
மழை பெய்தது அவருக்கும் தெரியும்.
"நல்ல மழை" என்றார்,
அவ்வளவுதான்.

இன்று சந்தையில் ஏறியது ஆளில்லை, உர மூட்டை.
ஐம்பது கிலோ.
ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டியதும்
முன்சக்கரம் ஒருமுறை எழும்பிப் பார்த்தது.
மூட்டைக்காரி பின்னால் வேறொரு சைக்கிளில்.

பாதி வழியில் அவன் வயல்.
ஃபைனஸ் தனியாகக் குழி போட்டுக்கொண்டிருந்தாள்.
விடியுமுன் மண்டாசி உருண்டை சுட்ட எண்ணெய் வாசம்
இன்னும் அவள் சட்டையில் இருக்கும்.
அதை விற்ற காசுதான்
இடுப்புத் துணி முடிச்சில் மக்காச்சோள விதையாக.
உரத்துக்கு எட்டவில்லை.

மணி அடித்தான், இரண்டு தரம். வழக்கம்தான்.
நிமிர்ந்தாள்.
மூட்டையைப் பார்த்தாள்.
மண்வெட்டியைப் போட்டுவிட்டு
சேற்றுக் கையை உதறிக்கொண்டே
சிரித்தபடி சாலைக்கு ஓடி வந்தாள்.

மேடு. நிறுத்தினால் மறுபடி ஏற்ற முடியாது.
அப்படித்தான் சொல்லிக்கொண்டான்.

இரவில் கேரியரைக் கவிழ்த்துத் தட்டினான்.
மூட்டை ஓட்டையில் சிந்திய வெள்ளைக் குருணை
தீப்பெட்டி நிறைய.
அவள் விளக்கருகில் பிடித்துப் பார்த்து
"ஏழு குழிக்கு வரும்" என்றாள்.
கோபம் இன்னும் போகவில்லை.

"சாலையோரமாப் போடு" என்றான் லைசன்.
தினமும் அந்த வழியாகத்தானே
போக வேண்டியிருக்கிறது.