இடக்கை முடிச்சு

ஜூலை இரவில் தண்ணீர் வந்தது.
தாராவியில் அது வருவதொன்றும் புதிதில்லை.
கிரைண்டரைக் கட்டில்மேல் ஏற்றி,
உளுந்து மூட்டையைக் கிரைண்டர்மேல் ஏற்றி,
பக்கத்தில் தானும் ஏறி உட்கார்ந்துகொண்டு
மாவு பொங்கிவிடும் என்றாள் பேச்சித்தாய்.

முழங்கால் தண்ணீரில்
என் கெண்டைக்காலில் வந்து முட்டியது
ஒரு பிளாஸ்டிக் பை.
உள்ளே வெளிறிய தேங்காய்ச் சட்னி,
வாயைச் சுற்றி மஞ்சள் நூல்,
நூலில் என் முடிச்சு.

நான் இடக்கையன்.
எங்கள் சந்திலிருந்து கிளம்புகிற
இருபத்தாறு இட்லி சைக்கிள்களில்
நூலை இப்படி உள்பக்கமாய் மடித்து இழுக்கிறவன்
நான் ஒருத்தன்தான்.
கையெழுத்துப் போடக் கற்ற நாளிலிருந்து
வேறெதிலும் இத்தனை தடவை
கையெழுத்துப் போட்டதில்லை.

சயானிலும் வடாலாவிலும்
மூன்றாம் மாடி, நான்காம் மாடி என்று
கொடுத்துவிட்டு வந்தது,
சாக்கடை வழியாக
யாரிடமும் விலாசம் கேட்காமல்
வீடு வந்து சேர்ந்திருக்கிறது.

மறுநாள் எண்ணினேன்.
வீட்டுக்குச் சட்னிக்கு ஒன்று, சாம்பாருக்கு ஒன்று.
நூற்றுப் பத்து வீடு.
ஞாயிறு கூடுதல்.
பதினான்கு வருஷத்தால் பெருக்கப் போனவன்
பாதியில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

இனிமேல் பாத்திரம் கொண்டாங்க என்றேன்.
பிஷ்வி நஹி? என்றார்கள்.
கதவு சாத்திக்கொண்டது.
முதல் வாரம் முந்நூறு இட்லி திரும்பி வந்தது.
தின்றோம்.
சந்துக்கெல்லாம் கொடுத்தோம்.
உதிர்த்துத் தாளித்து மறுபடியும் தின்றோம்.
பேச்சித்தாய் என்னோடு பேசவில்லை,
இட்லி தீரும்வரை.

துரைப்பாண்டி என் தெருக்களில் ஹாரன் அடித்தான்.
இரண்டு பை கேட்டால் மூன்று கொடுத்தான்.
அவன்மேல் கோபமில்லை.
அவனுக்கு வலக்கை.
அவன் முடிச்சும் ஊரார் முடிச்சும் ஒன்றுபோல் இருக்கும்.
எது மிதந்து வந்தாலும்
தன்னுடையதென்று
அவனுக்கு எப்படித் தெரியும்?

சீட்டு எடுத்த பணத்தில்
அறுபது எவர்சில்வர் டப்பா வாங்கினாள் பேச்சித்தாய்.
எனக்காக இல்லையாம்,
பைக்கும் நூலுக்கும் மாசம் போகிற காசை
அவளும் எண்ணிப் பார்த்தாளாம்.
இன்று நிறைத்துக் கொடு, நாளை காலியாய் வாங்கு.
பதினொன்று திரும்பவே இல்லை.
அதில் ஒன்றில் ஒரு வாட்ச்மேன் பருப்பு தின்பதைப் பார்த்தேன்,
கேட்கவில்லை.
ஒன்று மட்டும்
நான்காம் மாடியிலிருந்து கயிற்றில் இறங்கியது,
மூடியைத் திறந்தால் உள்ளே எலுமிச்சை ஊறுகாய்.
வர்ஷாபென் மேலிருந்து கையசைத்தார்.
மறுநாளிலிருந்து அந்தக் கட்டிடத்தில்
ஆறு கயிறு.

பழைய நூற்றுப் பத்தில்
எழுபத்துமூன்று வீடு வந்திருக்கிறது.
மீதிக்கு இன்னும் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறேன்.
கை மட்டும் மறக்கவில்லை:
தூக்கத்தில் இல்லாத நூலை மடித்து
உள்பக்கமாய் இழுக்கிறதாம்,
பேச்சித்தாய் சொல்லிச் சிரிக்கிறாள்.

இந்த ஜூலையும் தண்ணீர் வந்தது.
டார்ச் அடித்து
மிதந்து வந்த பைகளை ஒவ்வொன்றாய்த்
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
எல்லாம் வலக்கை.
தண்ணீர் மட்டும் போன வருஷத்து உயரம்.

அங்கே என்ன தேடுறீங்க,
டப்பாவைப் பிடிங்க முதல்ல,
மாவு பொங்கிவிடும் என்றாள்
கட்டில்மேலிருந்து.