கரும்புப் பனி

குறிப்பின் முதல் வரியே
'வெளியே பனி கொட்டுகையில்' என்று தொடங்குகிறது.
டொங்காட்டில் ஜூலை.
வெளியே ஸனேலேயின் துணிக்கொடி,
யாருடைய ரேடியோவிலோ ஃபுட்பால்.
பள்ளி மூடி மூன்றாம் நாள்;
அக்காளும் தம்பியும்
ஒருவரையொருவர் விற்றுவிடத் தயார்.

குளிர்கால விடுமுறை என்றால் எங்களுக்கு இதுதான்:
காலை ஆறுக்குச் சிமெண்ட் தரையில் கால் வைத்தால்
முதுகுத்தண்டுவரை ஒரு சேதி போகும்.
பத்து மணிக்கு வெயில். ஸ்வெட்டர் நாற்காலிக்கு.

வெண்ணெய், கோகோ, ஒன்றரைக் கப் மாவு,
முட்டை ஒன்று,
அது சட்டையில் உடைந்ததால் இரண்டு.
சர்க்கரை வாங்கும்போது மட்டும் சிரிப்பு வரும்.
ஆலையின் புகைக்கூண்டு இந்த ஜன்னலில் தெரிகிறது,
பாக்கெட்டோ எங்கெங்கோ சுற்றி
விலை ஏறிக்கொண்டு வீடு திரும்புகிறது.

சிக்கல் மார்ஷ்மெல்லோவில்.
பொடி எழுத்தில் ஜெலட்டின்.
எதன் ஜெலட்டின் என்றேன் கடைப் பையனிடம்.
திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஹலால், ஆன்டி" என்றான்.
அப்படியென்றால் பன்றி இல்லை.
அப்படியென்றால் மாடு.
அடுத்த வாரம் ஆடி பிறக்கிறது,
கோயிலில் கூழ் ஊற்றுவது என் முறை.
டாக்சி ஏறி வெருலம் போய்
ஜெலட்டின் இல்லாததை வாங்கி வந்தேன்,
ஒன்றுக்கு இரண்டு விலை.
பாக்கெட்டைப் பிரித்த பிறகுதான் கியூரன் சொல்கிறான்,
ஸனேலே வீட்டில் நேற்றே
மாட்டு மார்ஷ்மெல்லோ ஏழு தின்றானாம்.
"நல்லா இருந்துச்சும்மா. மேகம் மாதிரி."
அம்மன் எத்தனையோ பார்த்தவள்.
பேச்சை அதோடு விட்டேன்.

மாவுக்குள் வெள்ளையை ஒளிக்கும் வேலை திரோஷாவுக்கு.
பதினோரு வயது;
எதையும் மூடி மறைப்பதில்
இப்போதுதான் கை தேர்ந்துவருகிறது.
உள்ளங்கையில் கறுப்பு வட்டம், நடுவில் வெள்ளை,
விளிம்பை இழுத்து இழுத்து மூடுகிறாள்
குழந்தையைப் போர்த்துவதுபோல என்று சொல்லப் பார்த்தேன்.
இல்லை, லஞ்சத்தை உறையில் இடுவதுபோல.

ஓவனில் பன்னிரண்டு நிமிடம்.
நாலரைக்குக் கரண்ட் போகும் என்றது போன்.
நாலேகாலுக்கு உள்ளே வைத்தேன்.
ஐந்து நிமிடம் முந்திக்கொண்டு போனது.
இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி.
"திறக்காதீங்க, இருக்கிற சூடு போதும்."
கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை.
மூவரும் அதன் முன் குந்தியிருந்தோம்
யாரோ உள்ளே தூங்குவதுபோல.

அப்போது வாசம் மாறியது.
கோகோ அல்ல.
மேற்கே வயலுக்குத் தீ வைத்திருக்கிறார்கள்,
நாளை வெட்டு.
கரும்புச் சோகை எரிந்து மேலே போய்
கருகிய இழையாக இறங்கும்,
கார்மேல், கூரைமேல், குறிப்பாக வெள்ளைத் துணிமேல்.
ஸனேலே ஓடிவந்து பள்ளிச் சட்டைகளை அள்ளுகிறாள்,
ஸுலுவில் திட்டுகிறாள்,
ஆலையையா காற்றையா தெரியவில்லை.
நானும் ஓடினேன். பாதி தப்பியது.

திரும்பினால் தட்டு மேசையில்.
திறந்துவிட்டார்கள்.
ஒவ்வொன்றும் உச்சியில் வெடித்து
வெள்ளை பிதுங்கி நிற்கிறது.
சாத்தாத ஜன்னல் வழியே
அதன்மேல் ஒன்று, பிறகு ஒன்று,
அவசரமே இல்லாமல் கறுப்பு இறங்குகிறது.
கியூரன் நாக்கை நீட்டிக் காத்திருந்தான்.
"வெளியே பனி கொட்டுகையில்னு போட்டிருக்கும்மா.
கொட்டுதே."

ஊதினேன். சிலது போனது, சிலது ஒட்டிக்கொண்டது.

ஷிப்ட் முடிந்து சாக்ரன் வந்தான்,
புருவத்தில் அதே தூள்.
கை கழுவாமல் ஒன்றைக் கடித்து,
உதட்டிலிருந்து வெள்ளை நூல் தொங்க,
"இதுல என்ன போட்டே?"
"உங்க ஆலையை."

வேலியின் அந்தப் பக்கத்திலிருந்து
கொடியோடு தவறிப்போன கியூரனின் சட்டையை
ஸனேலே நீட்டினாள்.
இந்தப் பக்கத்திலிருந்து ஆறு குக்கீ.
இரண்டிலும் கறை இருந்தது.
அவளும் ஊதினாள்.