காங்கோ சிவப்பு

மற்ற சாயங்களுக்கு மூன்று மைக்ரான் போதும்,
இதற்கு எட்டு வேண்டும்.
மெல்லிசாய்ச் சீவினால் நிறம் பிடிக்காது,
இருப்பதை இல்லையென்று சொல்லும்.
பன்னிரண்டு வருடமாய்ச் சீவுகிறேன்
கோரிமேட்டு ஆய்வகத்தின் ஜன்னலோர மேசையில்.
இன்று கத்திக்கு அடியில்
நான்.

சீட்டின்படி அது அண்ணனுடையது.
ம. சவரிராயன், வயது ஐம்பத்தொன்று, கடலூர் முதுநகர்.
மாற்றுச் சிறுநீரகம், பதினான்காம் மாதம்.
கொடுத்தவர் பெயர் எழுதச் சீட்டில் கட்டம் இல்லை.
என் வீட்டுக்காரர் சம்மதக் கையெழுத்துப் போட
மூன்று மாதம் எடுத்துக்கொண்டதற்கும் இல்லை.

ஐஸ் ஆலையில் பாளம் சரிந்து அவன் காலெலும்பு நொறுங்கியது.
ஆறியதுபோல் ஆறித் திறந்து
பதினோரு வருடம் சீழ் வடித்தது.
புண் கூப்பிட்ட போதெல்லாம்
கல்லீரல் ஆள் அனுப்பியது.
வந்த புரதம் வேலை முடிந்தும் ஊர் திரும்பவில்லை.
மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டி,
சிறுநீரகத்தில் பாய் விரித்துவிட்டது.
கால் வீங்கியபோது புண்தான் என்றிருந்தோம்.
முகமும் வீங்கியது.
சிறுநீர் சோப்புத் தண்ணீராய் நுரைத்தது.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.
பிறகு வாரம் மூன்று டயாலிசிஸ்,
நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்.
மோர் கேட்டு அழுத ஐம்பது வயது ஆளை
நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

"புண் போயாச்சு, இனி மாற்றலாம்" என்றார் டாக்டர் வைதேகி.
"மறுபடி வருமா?"
"வரலாம். கிருமி பயம்தான் இன்னும் அதிகம்."
கணினியைத் திருப்பிக் காட்டினார்:
வலப்பக்கம் போகப் போக
படிப்படியாய் இறங்கும் ஒரு கோடு.
ஒவ்வொரு படியும் ஓர் ஆள்.
"அண்ணன் எந்தப் படி?"
"இது போட்டபோது உங்க அண்ணன் இதுல இல்லை, நட்சத்திரம்."

ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்தில்
தூர்வாரும் எந்திரத்தை வேடிக்கை பார்த்தபடி,
செயற்கைக்கால் மணலில் புதைய, சொன்னான்:
"அள்ள அள்ள வருது பாரு."
பிறகு ஒரு பாட்டில் தண்ணீரை
அளக்காமல் குடித்தான்.

காங்கோ சிவப்பில் இருபது நிமிடம்.
காரச் சாராயத்தில் கழுவினால்
பற்றில்லாத சிவப்பெல்லாம் ஓடிவிடும்.
பக்கத்தில், சாயம் சரியா என்று காட்ட,
நிச்சயமாய் நோயுள்ள ஒரு துண்டு வைப்பது வழக்கம்.
இருப்பில் இருந்த கட்டியை எடுத்தேன்:
ஆறு வருடம் முன்பு நானே சீவிய
அவனுடைய பழைய சிறுநீரகம்.
ஒரே கண்ணாடியில் இருவரும்.
சின்ன வயதில் ஒரே போர்வையில் படுத்ததுபோல்
என்று எழுதத் தோன்றுகிறது.
எங்களுக்குப் போர்வையே இருந்ததில்லை.

துருவ வடிகட்டியைத் திருப்ப, உலகம் இருண்டது.
அவன் துண்டு எரிந்தது.
ஆப்பிள் பச்சை என்கிறது பாடநூல்;
முதுநகர்க் கடைகளில் நான் பார்த்த ஆப்பிளெல்லாம் சிவப்பு.
எனக்கு அது பாகூர் நாற்றங்கால்,
பஸ் ஜன்னலில் கண்ணை இழுக்கும் பச்சை.
இவ்வளவு அழகாகவா இருக்க வேண்டும்.

மேடையை நகர்த்தினேன்.
என் துண்டில் இருட்டு.
இருட்டு.
நல்ல, மழைக்கால இருட்டு.
ஓரத்து ரத்தக்குழாய்ச் சுவரில்
ஒரு நூல்.
பஞ்சிழையும் மின்னும், நாரும் மின்னும்.
வெள்ளையா, பச்சையா?
என் கண்ணை நான் நம்பத் தயாரில்லை.

டாக்டர் வைதேகியை அழைத்தேன்.
யாருடையது என்று சொல்லவில்லை, அவருக்குத் தெரியும்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.
"வடிகட்டிகள் சுத்தம். கிரியாட்டினின்?"
"ஒன்று புள்ளி இரண்டு."
"ம்."
இடது கையால் குமிழைத் திருகினார்,
முன்னே, பின்னே, மறுபடி முன்னே.

என் கைப்பேசி அடித்தது. காலை ஒன்பது,
அவன் மாத்திரை நேரம்.
முதுநகரிலும் இப்போது அடிக்கும்.
எழுந்து அணைக்க இரண்டு அடி.
நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.